கணப்பு இருந்த சுவர்

பேய் பிடித்த மனிதர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பேய் பிடித்த எருமை ஒன்றைத் தேவாரம் சந்தையில் ஒருவன் ஓரணா வாங்கிக்கொண்டு காட்டினான், அதையும் பார்த்தேன். பேய் பிடித்த சுவரை மட்டும் அதுவரை பார்த்ததில்லை. அந்தச் சுவருக்காக ஒரு துப்பறிவாளரைத் தேடி வந்து, ஜீப்புக்கும் பெட்ரோல் போட்டுத் தருகிறேன் என்று சொல்லும் புண்ணியவான் ஒருவர் இருப்பார் என்றும் நான் நினைத்ததில்லை.

அந்தப் புண்ணியவான் பெயர் அமாவாசை. பெயருக்குப் பொருத்தமில்லாமல் சலவை வேட்டியும் பளபளக்கும் முகமுமாக, போடி ரயிலடிக்கு எதிரே ஏலக்காய் மண்டிக்கு மேலே இருந்த எங்கள் அறையில் உட்கார்ந்திருந்தார். அறை துப்பறியும் பிச்சைமணியுடையது. ஏட்டு வேலையை உதறிவிட்டு வந்தவர், வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும், ஆனால் அதை விரிக்க மாட்டார். விரித்தால் நாலு ஓட்டை தெரியும். துப்பறிவது அவர். ஜீப்பு ஓட்டுவதும் அவருக்கும் சேர்த்துப் பேசுவதும் சோணையாகிய என் சோலி.

"போடிமெட்டுக்குக் கீழ எங்க மாமா பெரியகருப்பன் பங்களா," என்றார் அமாவாசை. "அவரு படுத்திருந்த ரூம்புல வெள்ளைக்காரன் கட்டுன கணப்பு ஒண்ணு இருந்துச்சு. சுவத்தக் கொடஞ்சு, வெளிய புகைக்கூண்டு வெச்சு, குளிருக்கு வெறகு எரிக்கிற அடுப்பு. மாமாவுக்கு மூச்சுத் தெணறல். பொகை ஆகல. அதான் பேத்து எடுத்துட்டு ஓட்டைய அடைச்சோம். அடைச்ச எடத்துல இப்ப கறுப்பா ஒரு உருவம் தெரியுது."

"உருவம்னா?" என்றார் பிச்சைமணி.

"ஒரு ஆளு உக்காந்திருக்க மாதிரி. தலை, தோளு, மடக்குன காலு. வெள்ளையடிச்சா ரெண்டு நாளு காணோம். மூணாம் நாளு வந்துருது. மூணு வாட்டி அடிச்சாச்சு."

"மூணு வாட்டி வந்து உக்காந்தவருக்கு ஒரு காப்பி குடுத்திருக்கலாமே," என்றேன்.

அமாவாசை சிரிக்கவில்லை. "அந்தச் சுவத்துக்கு அடுத்தாப்ல ஏலக்கா ஒலத்துற ஸ்டோரு. செத்த பெரியவருதான் உக்காந்திருக்காருன்னு ஒரு கூலியாளும் உள்ள வரமாட்டேங்கிறான். பறிச்ச காயி அழுகிக் கெடக்கு. எவனோ கரியப் பூசுறான். அவனப் புடிச்சுக் குடுங்க."

"உங்க மாமா எப்படிச் செத்தாரு?" என்றார் பிச்சைமணி.

அமாவாசை முகம் கொஞ்சம் இறங்கியது. பெரியகருப்பன் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை, பின் வராந்தாவில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கஞ்சி குடித்தவர் அப்படியே போய்விட்டார். அன்று மத்தியானமே தகனம். கஞ்சி கொண்டுவந்தவள் வேலுத்தாய், பங்களாவில் இருபது வருஷமாகச் சமைப்பவள். ஐயாவின் மூச்சிரைப்புக்கு நல்லதென்று மலை வைத்தியன் கொடுத்த வேர் ஒன்றை அன்றைக்கு முதல்முதலாகக் கஞ்சியில் அரைத்துப் போட்டிருந்தாள். யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அவளாகவே மலையிறங்கி நடந்து போய், நான்தான் கொன்றேன் என்று போலீசில் சொல்லிவிட்டாள். இப்போது சப்-ஜெயிலில் இருக்கிறாள். வரும் வியாழக்கிழமை மாஜிஸ்திரேட்டு முன்னால் அதையே சொல்லப்போகிறாள்.

"அதுக்கும் சுவத்துக்கும் சம்பந்தம் இல்லீங்க," என்றார் அமாவாசை.

"இருக்காதுதான்," என்று சொல்லிவிட்டுப் பிச்சைமணி குடையை எடுத்தார். "சோணை, மொதல்ல ஜெயிலுக்கு விடு."

வேலுத்தாய் கம்பிக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயசிருக்கும். அழுது முடித்த முகம். பிச்சைமணி கேட்டதற்கெல்லாம் ஒளிவு மறைவில்லாமல் பதில் சொன்னாள்.

"பனிமஞ்சு மூடிக் கெடந்துச்சு அப்பு. ஐயா கம்பளியப் போத்தி, கொரங்குக் குல்லாயி போட்டு நாக்காலில சாஞ்சிருந்தாரு. கஞ்சிய ஸ்டூலு மேல வெச்சேன். கை சில்லுன்னு இருந்துச்சு, கம்பளிய இழுத்து உள்ள விட்டேன். மொத நாளு ராத்திரிதான் எம் மகளுக்குப் பொம்பளப் புள்ள பொறந்திருந்துச்சு. அதச் சொன்னேன். கொஞ்ச நேரம் அவருகிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"அவருக்குப் பேச மூச்சு ஏது. கண்ண மூடிக் கேட்டுக்கிட்டாரு. செத்துப்போன அவரு வீட்டம்மா பேரு சுருளியம்மா. அந்தப் பேர எம் பேத்திக்கு வெக்கட்டுமாய்யான்னு கேட்டேன். தலைய ஆட்டுனாரு. எனக்குச் சந்தோசம் தாங்கல. கஞ்சிய ஆறுமுன்ன குடிங்கன்னு சொல்லிட்டு லயத்து வீட்டுக்குப் போயிட்டேன். திரும்பி வந்தா கிண்ணம் காலி. அவரும் போயிட்டாரு." அவள் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "இருவது வருசம் சோறு போட்ட கையி. இதுலதான் போட்டேன் அந்த வேர."

வெளியே வந்ததும் ஜீப்பைக் கிளப்பினேன். அவளுக்கு வக்கீலும் வேண்டாமாம், ஜாமீனும் வேண்டாமாம். தண்டனை வந்தால் சரி என்று உட்கார்ந்திருப்பவளை யார் காப்பாற்றுவது என்று நினைத்துக்கொண்டே வண்டியை மலைக்குத் திருப்பினேன்.

கொண்டை ஊசி வளைவுகள் பாதிக்கு மேல் ஏறியதும் மஞ்சு வந்து கண்ணாடியில் அப்பிக்கொண்டது. பங்களா சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஏலச்செடிகளுக்கு நடுவே ஈரத்தில் ஊறி நின்றது. பகல் பதினொன்றுக்கே உள்ளே விளக்கு தேவைப்பட்டது. கேட்டருகில் நின்ற மலையாளக் கூலியாள் ஒருவன், "அவிடப் போகண்டா, பேடியாகும்," என்று எங்களை எச்சரித்துவிட்டு வேகமாக மறைந்தான். பேடி என்றால் பயம். அதை மொழிபெயர்க்க எனக்கு அப்போது யாரும் தேவைப்படவில்லை.

அமாவாசையின் தாயார் சுந்தரம்மாள் வாசலுக்கு வந்தார். இறந்தவரின் ஒரே தங்கை. நெடுநெடுவென்று உயரம், தோள்பட்டை ஆம்பளை மாதிரி. நடையில் கிடந்த ஏலக்காய் மூட்டை வழியை மறித்தது. நான் குனிவதற்குள் அந்த அம்மாள் ஒற்றைக் கையால் அதைச் சுவரோரம் நகர்த்திவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

"பேய் ஓட்ட ஆளு கூட்டியாரச் சொன்னா போலீசு ஏட்டக் கூட்டியாந்திருக்கியா?" என்று மகனைக் கேட்டார்.

"பழைய ஏட்டு ஆத்தா," என்றார் பிச்சைமணி. "பேயக் கூட விசாரிச்சுட்டுத்தான் ஓட்டுவேன்."

அந்த அறைக்குப் பூட்டு. சாவி சுந்தரம்மாளின் இடுப்பில். அவர் கதவைத் திறந்தாரே தவிர உள்ளே வரவில்லை. நிலைக்கு வெளியே நின்று சுவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

நான் சுவரைப் பார்த்தேன். பார்த்த பிறகு நடையில் கிடந்த மூட்டைக்குப் பின்னால் போய் நின்றால் என்ன என்று தோன்றியது. கணப்பு இருந்த இடம் தரையிலிருந்து இடுப்பு உயரம், ஓர் ஆள் தவழ்ந்து நுழையும் அகலம். அந்தச் சதுரத்துக்குள், வெள்ளைச் சுண்ணாம்புக்கு மேல், பழுப்பும் கறுப்புமாக ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கண் மூக்கு இல்லை. ஆனாலும் நம்மைப் பார்க்கிறார் என்று சத்தியம் செய்யத் தோன்றியது.

சுவருக்கு முன்னால் ஒரு பித்தளை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர்.

"கருமாதி முடிஞ்சிருச்சா ஆத்தா?" என்றார் பிச்சைமணி.

"பதினாறாம் நாளே முடிச்சாச்சு. ஆறு நாளாச்சு."

"வெளக்கு?"

"சுவரு ஓதம் காயட்டும்னு வெச்சேன்."

"சொம்புத் தண்ணியும் ஓதம் காயவா?" என்று நான் கேட்டுவிட்டேன். சுந்தரம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குச் சுவரே தேவலாம் என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிச்சைமணி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உருவத்தின் முழங்கால் இருந்த இடத்தைக் குடையின் முனையால் சுரண்டினார். கெட்டியான பூச்சு பொருக்கு பொருக்காக உதிர்ந்தது. உள்ளே செங்கல் தெரிந்தது. செங்கல் என்று சொல்கிறேன், சிவப்பு எங்கேயும் இல்லை. தொட்ட விரலில் மை மாதிரி ஒட்டியது.

"கரியப் பூசுறாங்கன்னு சொன்னீங்கள்ல," என்று அமாவாசையிடம் விரலைக் காட்டினார். "யாரும் பூசல. உள்ளருந்து வருது."

எவனோ பூசுகிறான் என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

போகும்போது கூடத்து ஆணியில் தொங்கிய பஞ்சாங்கத்தைப் பிச்சைமணி எடுத்துப் புரட்டினார். கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறவர் போல நிதானமாகப் பார்த்து, ஒரு பக்கத்தை மடித்து மறுபடி மாட்டினார். "தை மாசம் மகனுக்குக் கல்யாணமாமே ஆத்தா," என்று வேறு கேட்டுவைத்தார். சுந்தரம்மாள் தலையை மட்டும் ஆட்டினார்.

பின்பக்கம் வராந்தா. சாய்வு நாற்காலி இன்னும் அங்கேயே கிடந்தது. கித்தான் துணியைக் காற்று லேசாக அசைத்துக்கொண்டிருந்தது, காலியான நாற்காலி மேலும் கீழும் ஆடியது. அதன் பக்கமாக நடக்க மனசில்லாமல் நான் புல் வழியாகச் சுற்றிப்போனேன். போனதற்குக் கை மேல் பலன், கால் மேல் பலன் என்றும் சொல்லலாம். எதிலோ இடித்து என் பெருவிரல் நகம் பெயர்ந்தது.

"யம்மா," என்று காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பிச்சைமணி என் காலைப் பார்க்கவில்லை. இடித்ததைப் பார்த்தார். புல்லுக்குள் ஒரு செங்கல். செக்கச்செவேல் என்று புதுசு. ஒரு முகத்தில் சுண்ணாம்புக் கலவை ஒட்டிக் காய்ந்திருந்தது. குடையால் புல்லை விலக்கினார். ஓடைச் சரிவில் அதே மாதிரி முப்பது நாற்பது கிடந்தன. சுவரோரம் இடித்துப்போட்ட புகைக்கூண்டின் கறுப்புக் கற்கள் குவிந்திருந்தன. அந்தக் குவியலில் ஒரு பக்கம் அள்ளியெடுத்த பள்ளம்.

"ஒன் காலுக்கு மூளை இருக்கு மாப்ளே," என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அதுவும் காலை.

கணப்பு ஓட்டையை அடைத்த கொத்தனார் ஜக்கையன், போடிமெட்டில் ஒரு டீக்கடைக்கு மேடை பூசிக்கொண்டிருந்தார். சுவரில் உருவம் வருகிறது என்று சொன்னதும் கரணையைக் கீழே வைத்துவிட்டார். பயத்தால் அல்ல, கோபத்தால்.

"எஞ் சுவத்துலயா? இருக்காது. புதன்கெழம சாயங்காலம் கட்டி முடிச்சேன். போடியிலருந்து ஒரு லோடு புதுக்கல்லு ஏத்தியாந்து கட்டுன கட்டு. பழைய கல்லு ஒண்ணக்கூட உள்ள வெக்கல. அது முப்பது வருசம் பொகையக் குடிச்ச கல்லுய்யா. அத வெச்சுக் கட்டி மேல சுண்ணாம்பு பூசுனா, ஈரம் பட்டதும் குடிச்சதெல்லாம் வேத்து வெளிய வரும். எத்தன வாட்டி வெள்ளையடிச்சாலும் வரும். கரண்டி புடிச்ச எவனும் அந்தத் தப்பச் செய்யமாட்டான்."

"பூச்சு யாரு பூசுனது?"

"சனிக்கெழம வந்து பூசுறேன்னு ஈரக் கலவையத் தொட்டில மூடி வெச்சுட்டு வந்தேன். வெள்ளிக்கெழம பெரியவரு தவறிட்டாரு. சனிக்கெழம போனா அந்தம்மா கேட்டுலயே நிப்பாட்டி, பூச்செல்லாம் நாங்களே பூசிக்கிட்டோம் போன்னுருச்சு. துட்டி வீட்டுல என்னத்தக் கேக்குறது, வந்துட்டேன்."

"சாவு விழுந்த வீட்டுல மறுநாளைக்குள்ள சுவரு பூசுனாங்களா?" என்று நான் கேட்டேன். ஜக்கையன் அதை அதுவரை யோசித்ததில்லை போலும்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்கண்ணே," என்றார் பிச்சைமணி. "புதன்கெழம கட்டுன கட்டு. வியாழக்கெழம ராத்திரி ஒரு ஆளு தனியா அதப் பிரிக்க முடியுமா?"

"பச்சக் கட்டு. கையால எடுத்துரலாம். கடப்பாரை எதுக்கு?"

திரும்பி இறங்கும்போது என் வாய் மறுபடி திறந்துகொண்டது. வழக்கு எனக்குத் தெளிவாகிவிட்டது. "அண்ணே, கணப்புக்குள்ள வெள்ளைக்காரன் எதையோ பொதைச்சு வெச்சிருக்கான். அமாவாசை அத எடுக்கச் சுவத்தப் பேத்திருக்கான். மாமன் பாத்துட்டாரு. அவரு கதைய முடிச்சுட்டு, பாவம் அந்தப் பொம்பள தலையில கட்டிட்டான். பேரப் பாத்தாலே தெரியலையா?"

"பொதைச்சதத்தான் கணப்பப் பேக்கும்போதே எடுத்திருக்கலாமே. அடைக்கிற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?"

நான் ஒரு வளைவு வரை யோசித்தேன்.

"சோணை, நல்லாக் கேட்டுக்க. அந்த ரூம்புக்குக் கதவு இருக்கு. சாவியும் கையில இருக்கு. அப்படியும் ஒருத்தர் சுவத்தப் பேத்து, ஒண்ண வெளிய கொண்டுபோயி, விடியிறதுக்குள்ள அடைச்சிருக்காரு. இருட்டுல கைக்குக் கெடச்ச கறுப்புக் கல்லயெல்லாம் வெச்சு அடைச்சிருக்காரு. நம்ம பக்கத்துல எத அப்படிக் கதவு வழியாக் கொண்டுபோகாம, சுவத்த இடிச்சுக் கொண்டுபோவோம்?"

வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

எங்கள் தெருவில் என் சின்ன வயசில் ஒரு சாவு. சதய நட்சத்திரத்தில் போன கிழவர். அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி, இந்த ஐந்தில் ஒன்றில் உயிர் போனால் அடைப்பு என்பார்கள். அப்படிப் போன உடம்பை வாசல் வழியாகக் கொண்டுபோனால், அதே வாசல் வழியாகத் திரும்பி வந்து வீட்டில் இன்னும் நாலைந்து பேரைக் கூப்பிடுமாம். அதனால் பின்சுவரை இடித்து, ஓட்டை வழியாக வெளியேற்றி, உடனே அடைத்துவிடுவார்கள். செத்த அறையை ஆறு மாசம் பூட்டி, தினமும் விளக்கும் தண்ணீரும் வைப்பார்கள். அந்த ஆறு மாசமும் வீட்டில் ஒரு நல்ல காரியம் கிடையாது.

"ஆனா பெரியவரு போனது வெள்ளிக்கெழம காலைலண்ணே. அன்னைக்கு என்ன நச்சத்திரம்?"

"காலைல அஞ்சரை மணிக்கு மேல அசுவினி. அடைப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. மகராசனா வாசல் வழியாப் போகலாம்." பிச்சைமணி முன்கண்ணாடிக்கு வெளியே மஞ்சைப் பார்த்தார். "அஞ்சரைக்கு முன்னாடி ரேவதி. வண்டிய எடு."

நாங்கள் போனபோது சுந்தரம்மாள் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். அமாவாசை எங்கள் வண்டிச் சத்தம் கேட்டு ஸ்டோரிலிருந்து வந்தார். பிச்சைமணி ஆணியிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து, மடித்துவைத்த பக்கத்தைப் பிரித்து அந்த அம்மாள் முன்னால் வைத்தார். ரேவதி முடியும் நேரம் அச்சடித்திருந்த வரியின் மேல் ஒரு பெருவிரல் அடையாளம், கரியும் சுண்ணாம்புமாக.

அவர் அதட்டவில்லை. உட்காரவும் இல்லை. "வியாழக்கெழம எந்நேரம் ஆத்தா உசுரு போச்சு?" என்று மட்டும் கேட்டார், துட்டி விசாரிக்க வந்தவர் கேட்கிற மாதிரி.

சுந்தரம்மாள் அந்த விரல் அடையாளத்தைப் பார்த்தார்.

"வெளக்கு வெக்கிற நேரம்," என்றார். "எம் மடியிலதான் போச்சு. ஒரு விக்கலு. அவ்வளவுதான்."

"அம்மா," என்றார் அமாவாசை.

"நீ அன்னைக்கு மதுரைல பத்திரிகை அடிக்கப் போயிருந்த. வீட்டுல நானும் எங்கண்ணனும்தான். பஞ்சாங்கத்தப் பாத்தேன். ரேவதி. ஆறு மாசம் அடைப்பு. தையில ஒனக்குக் கல்யாணம். பொண்ணு வீட்டுல நின்னுபோன கல்யாணம் ஏற்கெனவே ஒண்ணு. இதுவும் நின்னா அந்தப் புள்ளைக்கு அப்புறம் யாரு வருவா? ஊருக்கு வெள்ளிக்கெழம காலைலன்னு சொல்லிரலாம். ஆனா எங்கண்ணன எப்படி வாசல் வழியா அனுப்புவேன்? போன வழியில திரும்பி வந்து ஒன்னையக் கூப்பிட்டா?"

அவர் குரல் உடையவில்லை. மூன்று வாரமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தைகள். பச்சைக் கட்டைக் கையால் பிரித்ததையும், பாயில் வைத்து அண்ணனை வெளியே இழுத்ததையும், வராந்தா நாற்காலியில் உட்காரவைத்துக் குல்லாய் மாட்டியதையும் அப்படியே சொன்னார். பிரித்த கற்களை அவசரத்தில் சரிவில் எறிந்துவிட்டார். அடைக்கும்போது கைக்கு எட்டிய கற்கள் அந்தப் பழைய கற்கள்தான்.

"மூச்சுத் தெணறல்ல எலும்பும் தோலுமாத்தான் இருந்தான். தூக்குறதுக்குக் கனக்கல. அதுதான் எனக்கு ஆறல."

"கஞ்சி?" என்றார் பிச்சைமணி.

"விடிஞ்சதும் நானே போயிப் பாத்துக் கத்தணும்னு இருந்தேன். அதுக்குள்ள வேலுத்தாயி கஞ்சியோட வந்துட்டா. ஜன்னல்ல பாத்துக்கிட்டே நின்னேன். அவ பாட்டுக்கு அவங்கிட்டப் பேசுறா, சிரிக்கிறா, கம்பளியப் போத்துறா. எனக்குக் கால் நகரல. அவ போனதும் கஞ்சிய ஓடையில ஊத்திட்டுக் கிண்ணத்த வெச்சேன். கஞ்சி குடிச்ச மனுசன் காலைல உசுரோட இருந்தான்னு நாலு பேரு நம்புவாங்கள்ல." அவர் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார். "அதுல வேரு கெடந்தது எனக்குத் தெரியாதப்பா."

கொலையே நடக்கவில்லை. கொலைகாரி என்று ஒருத்தி கம்பிக்குள் இருக்கிறாள், செத்தவர் இருக்கிறார், கொலையைக் காணோம். இந்த மாதிரி வழக்கை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை.

"மூணு வாரம் ஆத்தா," என்றார் பிச்சைமணி. "அவ உள்ள இருக்கா."

"தெரியும். இன்னைக்குச் சொல்றேன், நாளைக்குச் சொல்றேன்னே போயிருச்சு. ஒவ்வொரு நாளும் வெளக்கு வெக்கப் போறேன். அவன் அங்க உக்காந்திருக்கான். நான் சுவரு வழியா அனுப்புனேன், அவன் போகலப்பா. சுவத்துக்குள்ளயே உக்காந்துக்கிட்டான்."

அது புகை குடித்த கல் வேர்ப்பது என்று நான் சொல்லியிருக்கலாம். கொத்தனார் சொன்னதை வரி மாறாமல் ஒப்பித்திருக்கலாம். அந்த அறைக்கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. நான் கதவைச் சாத்தினேன்.

அமாவாசை தாயின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "பொண்ணு வீட்டுக்கு நானே போயிச் சொல்லிக்கிறேன்," என்றார். "நிக்கிறதா இருந்தா நிக்கட்டும். கெளம்பும்மா. வெரசா கெளம்பு, இருட்டுறதுக்குள்ள எறங்கிரலாம்."

போலீசுக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் இதைப் புரியவைத்த கதை தனி. ஜக்கையன் வந்து சாட்சி சொன்னார், ஒரு புதுக்கல்லும் ஒரு கறுப்புக்கல்லும் கோர்ட்டு மேசை மேல் ஏறின, என் கால் கட்டும் ஓர் அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளப்படும் என்று எதிர்பார்த்தேன், அது நடக்கவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் வேலுத்தாயை விட்டார்கள்.

சப்-ஜெயில் வாசலில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் சுந்தரம்மாள் நின்றார். வேலுத்தாய்க்கு அதுவரை யாரும் முழுசாகச் சொல்லவில்லை. வழக்கு இல்லை, போ என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சுந்தரம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். பாதியிலேயே அந்த உயரமான உடம்பு குனிந்து அவள் காலைத் தொடப் போனது. வேலுத்தாய் பதறிப் பின்னால் நகர்ந்தாள்.

"அப்ப எங் கையால போகலையா அவரு?" என்றாள்.

"இல்லடி. நீ வரும்போதே அவன் இல்ல."

வேலுத்தாய் மரத்தில் சாய்ந்து அழுதாள். சத்தம் போட்டு, வயிற்றிலிருந்து அழுதாள். நல்ல அழுகை. எனக்கே மனசு லேசாகிவிட்டது. இனி போடிக்குப் போய் சூடாக ஏதாவது சாப்பிடலாம் என்று ஜீப்பின் சாவியைக் கையில் எடுத்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"அவரு தலைய ஆட்டுனாரே," என்றாள்.

"சுருளியம்மான்னு வெக்கட்டுமாய்யான்னு கேட்டேன். தலைய ஆட்டுனாரு. நான் எங் கண்ணால பாத்தேன். ஊரெல்லாம் சொல்லி, புள்ள காதுல மூணு தடவ அந்தப் பேரச் சொல்லிட்டாக." அவள் சுந்தரம்மாளைப் பார்த்தாள், பிறகு பிச்சைமணியை, பிறகு என்னை. "அப்ப எம் பேத்திக்குப் பேரு வெச்சது யாரு?"

எனக்குத் தெரிந்த பதில் ஒன்று இருந்தது. காற்றில் ஆடிய அந்த நாற்காலியின் கித்தான் துணியை நான் பார்த்திருந்தேன். பிச்சைமணி என்னை முந்திக்கொள்வார் என்று காத்திருந்தேன். அவர் அந்த ஓட்டைக் குடையை, முதல்முறையாக, நடு வெயிலில் விரித்து வேலுத்தாயின் தலைக்கு மேல் பிடித்தார்.

"நல்ல பேருதான் ஆத்தா," என்றார். "வண்டில ஏறு. புள்ளயப் போயிப் பாப்போம்."